சதை எவ்வளவு, ஓடு எவ்வளவு

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் தோங்யோங் குடாவில் யாருக்கும் இடுப்பு நிமிராது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கிம்ச்சி போடுகிற காலம். உப்பில் ஊறிய கோஸ் இலைகளுக்கு நடுவே மிளகாய் விழுதோடு சேர்த்துத் திணிக்க எல்லாருக்கும் சிப்பி வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும். கிழக்கு வெளுக்கும் முன்னாலேயே பே என்கிற முதலாளியின் சிப்பி உடைக்கும் கொட்டகையில் விளக்கு எரியும். மேலே தொங்கும் இரும்புத் தொட்டியின் வாய் திறந்து, ஓடும் சேறுமாகச் சிப்பி மேசைமேல் கொட்டுகிற சத்தத்தில்தான் அக்கரை நாய்கள் விழித்துக்கொள்ளும்.

கதவிலிருந்து மூன்றாவது ஆளாக மால்சுக் நிற்பாள். மகள் ஹான்சோல் வயிற்றில் இருந்தபோது பிடித்த இடம், இன்றைக்கும் அதுதான். கதவுக்குப் பக்கம் என்பதால் கடல் காற்று நேராகக் கணுக்காலில் வந்து அடிக்கும். இரண்டு ஜோடி காலுறை, அதன்மேல் ரப்பர் பூட்ஸ், அதற்குள் சூடு தரும் பொட்டலம், இத்தனையும் போட்டும் பத்து மணிக்கு மேல்தான் கால்விரல் பத்தும் தன்னுடையவை என்று தெரியும். இடது கையில் சிப்பி, வலது கையில் குட்டைக் கத்தி. ஓட்டின் ஓரத்தில் குத்தி, ஒரு திருகு, உள்ளே ஒட்டியிருக்கும் தசையை ஒரு கீறு, சதை சட்டியில், ஓடு தரையில்.

கூலி சதைக்குத்தான். தூக்குவது, திருப்புவது, உடைப்பது எல்லாம் ஓட்டை. நிறுப்பது மட்டும் சதையை. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சட்டியைத் தராசில் வைத்து, சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் அவரவர் பெயருக்கு நேராகக் கிலோவை எழுதுவார்கள். வெளியே ஓடு மலையாகக் குவிந்து கிடக்கும். அதற்கு எவனும் ஒரு காசு கொடுத்ததில்லை.

அன்றைக்கு மால்சுக்கின் சட்டி நிறைய மறுத்தது.

"என்ன ஹான்சோல் அம்மா, கத்தி தூங்குது?" என்றாள் எதிரில் நின்ற தொக்சுன். பூசான் மீன் சந்தையில் பத்து வருஷம் கூவி விற்றவள். இங்கே வந்த பிறகும் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள பணம் கட்டணும். அதே நெனப்பு."

"என்ன பணம்?"

"சியோல் காலேஜுக்கு. முன்பணம் கட்டினாத்தான் எடம் நிக்குமாம். நாலு மணிக்கு பேங்க்கை மூடிடுவான். மறந்துடப் போறேன்னு மூன்றரைக்கு போன்ல மணி வச்சிருக்கேன்."

"அந்த போன்லயே பணத்தை அனுப்பிடலாமே."

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் உக்காந்து எண்ணி வாங்கணும் எனக்கு. சீட்டுல முத்திரை விழணும். போன்ல போன பணம் எங்க போச்சுன்னு யாரைப் போய்க் கேக்கறது?"

மேசையின் தலைமாட்டில் நின்ற போங்னே அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகையில் வயதில் மூத்தவள். வாயைத் திறப்பது குறைவு. "அப்ப ஜப்பான்?" என்றாள்.

"ஜப்பான் கட்டுப்படியாகாதுக்கா."

ஹான்சோலுக்கு இரண்டு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சியோலில் வியாபார நிர்வாகம். வாத்தியார் விண்ணப்பம் போடச் சொன்னார் என்று போட்டது. ஜப்பானில் பாலம் கட்டுகிற படிப்பு. அது அவளாகப் போட்டது. கோஜே தீவுக்குப் போகும் பாலத்தைச் சின்ன வயதிலிருந்து நோட்டு அட்டை, கைக்குட்டை, குளியலறைச் சுவரில் படிந்த நீராவி என்று கிடைத்ததிலெல்லாம் வரைந்தவள். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக உட்கார்ந்து ஜப்பான் பாஷை படித்தாள். வீட்டில் ஒருத்தருக்கும் அதில் ஒரு வார்த்தை புரியாது.

இரண்டு வாரத்துக்கு முன் இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள்: "கட்டணம் அம்பது லட்சம் வோன் வரும்மா."

மால்சுக் மனதுக்குள் உடனே இரண்டால் பெருக்கினாள். இந்த நாட்டில் காலேஜ் கட்டணம் என்றால் அரை வருஷத்துக்குச் சொல்வதுதான். அக்கா மகன் படித்தபோதும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக்காரன் மகளைச் சேர்த்தபோதும் அப்படித்தான். சியோல்காரன் நாற்பது லட்சம் என்றான், வருஷத்துக்கு எண்பது. ஜப்பான் ஐம்பது என்றால் நூறு. "முடியாது கண்ணு" என்றாள். ஹான்சோல் "சரி" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மிச்ச சூப்பைக் குடித்தாள். நூறு என்று கணக்கு முடிந்தபோது மால்சுக்குக்கு நெஞ்சில் எதுவோ இறங்கி மூச்சு சுலபமாக வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

"கட்டுப்படியாகாதுன்னு எதை வச்சுச் சொல்ற?" தொக்சுன் விடுவதாயில்லை.

"சியோல் எண்பது. ஜப்பான் நூறு. இதுல என்ன இருக்கு?"

"அது சதை. ஓடு எவ்வளவு?"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி. பதினெட்டு வருசமா சிப்பி ஒடைக்கறா, சதையை மட்டும் எடை போட்டுட்டு வந்து நிக்கறா. வாடகை யாரு குடுப்பா? சோறு யாரு போடுவா? பஸ்ஸு, மருந்து, குளிருக்குக் கோட்டு? கட்டணம்ங்கறது சதை. மத்ததெல்லாம் ஓடு. ஓட்டோட சேத்துத் தூக்கிப் பாரு, அப்பத் தெரியும் எது கனம்னு."

தொக்சுன் கையுறையோடு போய் பலகைக்கு முன்னால் நின்றாள். முதலாளி ஏலத்துக்குப் போயிருந்தார். பெயர்களுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களைப் போல நாடுகளை ஒவ்வொன்றாக எழுதினாள்.

"அமெரிக்கா?" என்றாள் ஒருத்தி.

"அதை எழுதப் பலகை பத்தாது, அடுத்ததைச் சொல்லு."

"ஜெர்மனியில சும்மாவே சொல்லிக் குடுக்கறானாம்," என்றாள் கடைசியில் நின்ற ஒருத்தி. "எங்க நாத்தனார் மகன் அங்கதான் பாட்டு படிக்கப் போனான்."

"சும்மாவா? அப்ப சதை பூஜ்யம்."

"இரு. நுழையறதுக்கு முன்னாடியே ஒரு வருசச் செலவுக்கான பணத்தை அவன் பேங்க்கில கொண்டு போய் வைக்கணும். நம்ம காசுக்கு நூத்தி எண்பது லட்சத்துக்குக் கொறையாது. நாத்தனார் ரெண்டு மாடு, ஒரு வண்டி வித்தா."

"வெறும் ஓடு," என்றாள் போங்னே அக்கா.

"வெறும் ஓடு," என்று எழுதினாள் தொக்சுன்.

சியோலுக்கு வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லாருக்கும் சியோலில் ஒரு பிள்ளையோ தம்பியோ இருந்தான். ஒரு ஆள் கால் நீட்டினால் கதவு மூடாத அறைக்கு மாசம் ஐந்து லட்சம். ஜன்னல் வேண்டுமென்றால் இன்னும் கூட. ஒரு தட்டு நூடுல்ஸ் விலைக்கு இங்கே ஒரு குடும்பம் சாப்பிடும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓடு நூற்றுப் பத்து.

"சியோல், சதை எண்பது, ஓடு நூத்திப் பத்து. நூத்தித் தொண்ணூறு. அடேங்கப்பா. ஊருக்குள்ளேயே இருக்கற வெளிநாடுடி இது." தொக்சுன் திரும்பினாள். "ஜப்பான்ல தங்கறது எங்க?"

"காலேஜ் விடுதின்னு சொன்னா. மாசம் ரெண்டரை லட்சமாம்."

"சோறு?"

"அவ பூனை மாதிரி சாப்பிடுவா."

"கொழம்பு இல்லாம அந்தப் பூனை சாப்பிடாதே, நான் பாத்ததில்லையா. விடுதி முப்பது, சோறு நாப்பது. போக வர, ஆஸ்பத்திரி, அதுஇது இருவது. ஓடு தொண்ணூறு." எழுதிவிட்டு, தொக்சுன் கூட்டிப் பார்த்தாள். "நூறும் தொண்ணூறும் நூத்தித் தொண்ணூறு."

"ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணு."

மால்சுக் தலையைத் தூக்கவில்லை. "சமம்னா சியோல்தான். நாலு மணி நேரத்துல பஸ்ஸு கொண்டு விட்டுடும். ஒடம்புக்கு ஒண்ணுன்னா ஓடலாம்."

"பூசான்ல பிளேன் ஏறினா பெல்ட்டைக் கட்டறதுக்குள்ள ஜப்பான்ல எறக்கி விட்டுடறான்."

"கிம்ச்சி? கிம்ச்சியை யாரு கொண்டு போறது? இதைக் கணக்குல சேத்தியா?"

அதை யாரும் சேர்க்கவில்லை. அடுத்த தொட்டி கொட்டுகிறவரை கிம்ச்சியைப் பற்றித்தான் சண்டை. பெட்டியில் போட்டு அனுப்பினால் வழியிலேயே பொங்கி வெடிக்கும் என்றாள் ஒருத்தி. அங்கேயே விற்கிறான் என்றாள் இன்னொருத்தி. அது சர்க்கரை போட்டது, அதைத் தின்பவள் நம்ம ஊர்ப் பெண்ணே இல்லை என்றாள் தொக்சுன். கத்திகள் பேச்சோடு பேச்சாக ஓடின. மால்சுக்கின் கத்தி மட்டும் ஓட்டில் சறுக்கிச் சறுக்கிப் போயிற்று.

மதியம் ஹான்சோல் வந்தாள். கணுக்கால் வரை தொங்கும் பஞ்சுக் கோட்டு, தலையில் அப்பாவின் கம்பளித் தொப்பி. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பேருக்கு நடக்கிற நாட்கள். பேங்க் புத்தகத்தையும், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரைக் கட்டையையும் எடுத்து வரச் சொல்லியிருந்தாள் மால்சுக். அவற்றோடு மகள் ஒரு பானையில் வேக வைத்த பன்றிக் கறியும், நேற்று போட்ட புதுக் கிம்ச்சியும் கொண்டு வந்திருந்தாள். பெண்கள் அடுப்பைச் சுற்றிக் கவிழ்த்த கூடைகளில் உட்கார்ந்தார்கள். கோஸ் இலையில் ஒரு துண்டு கறி, ஒரு பச்சைச் சிப்பி, ஒரு பல் பூண்டு வைத்துச் சுருட்டி வாய் நிறையத் திணித்தார்கள்.

"இந்தா, வாயைத் தெற," என்று தொக்சுன் ஒரு சுருளை ஹான்சோலுக்கு ஊட்டினாள். "நல்லா தின்னுக்கோ. சியோல்ல இதெல்லாம் கண்ணால பாக்க முடியாது."

ஹான்சோல் மென்றுகொண்டே சுவரைப் பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள். கன்னம் உப்பியபடியே எழுந்து பலகைக்குக் கிட்டே போனாள். விழுங்கி முடிக்க நேரமாயிற்று.

"இது என்ன?"

"உன்னை எந்தச் சந்தையில விக்கலாம்னு பாத்தோம்."

"ஜப்பானுக்கு நேரா நூறுன்னு போட்டிருக்கே."

"உங்கம்மா சொன்னதுதான். அரை வருசம் அம்பது, முழு வருசம் நூறு."

"அம்பதுதான் முழு வருசமே."

அடுப்பில் விறகு வெடித்தது. மால்சுக் கையில் சுருட்டிய இலையோடு அப்படியே இருந்தாள். உள்ளேயிருந்த சிப்பி நழுவி அவள் மேலங்கியில் விழுந்தது.

"என்னடி சொல்ற?"

"வருசத்துக்கே அம்பதுதாம்மா. அங்கெல்லாம் வருசக் கணக்காத்தான் சொல்வாங்க."

"இதை ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே, அம்பதுன்னு."

"அம்பதுன்னு சொன்னே. வருசத்துக்குன்னு சொன்னியா? இந்த ஊர்ல எவன்டி வருசத்துக்குச் சொல்றான்?"

"நீ அம்பதுக்கே முடியாதுன்னுட்ட. அதுக்கு மேல நான் என்ன பேச?"

"அம்பதுக்கு எவ முடியாதுன்னா? சியோலுக்கு எண்பது சரின்னவ, அம்பதை முடியாதும்பேனா? எனக்கென்ன கிறுக்கா?"

"அதைத்தான் நானும் ரெண்டு வாரமா யோசிச்சேன்." ஹான்சோல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "எண்பதுக்குச் சரிங்கறா, அம்பதுக்கு மாட்டேங்கறா. அப்ப இது பணமில்ல, அம்மாவுக்கு நான் அங்க போறது புடிக்கலன்னு நெனச்சேன். அதான் கேக்கல."

போங்னே அக்கா பல்லிடுக்கில் மாட்டிய நாரை விரலால் எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவ கேக்கல சரி. நீ ஏன் கேக்கல, ஹான்சோல் அம்மா? மீன்காரன்கிட்ட ஒரு வாலுக்கு மூணு தரம் கேக்கறவ நீ."

மால்சுக் மேலங்கியில் கிடந்த சிப்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உப்பும் குளிருமாக அது உள்ளே இறங்கியது.

"புடிக்கலைதான்," என்றாள். "எனக்கென்ன அதுல வெக்கம். நீ போயிட்டா வீட்ல யார்கூடச் சண்டை போடுவேன்? உங்கப்பன் கத்தினாக்கூடத் திரும்பிப் படுத்துக்குவான். நூறுன்னு வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. கேட்டாக் கொறஞ்சுடுமோன்னு கேக்காமலே விட்டேன் போலருக்கு." எழுந்து நின்றாள். "ஆனா ஒண்ணு. புடிக்கறது வேற, பணம் வேற. முடியாதுன்னா முடியாது. முடியும்னு ஆயிட்டா முடியும்தான். அந்தப் பலகைத் துணியை எடு தொக்சுன்."

தொக்சுன் துணியை எடுக்கவில்லை. தன் முழங்கையாலேயே நூறை அழித்தாள். ஐம்பது என்று எழுதினாள். கீழே நூற்று நாற்பது என்று, சியோலைவிடப் பெரிய எழுத்தில் போட்டாள். அதற்குப் பிறகுதான் கொட்டகை வெடித்தது. ஒருத்தி மூடியால் பானையைத் தட்டினாள். மால்சுக் ஈர ரப்பர் கையுறையால் மகளின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பஞ்சுக் கோட்டில் சேற்றுக்கை ஒன்று அப்படியே பதிந்தது. அடுத்த நொடி அதே கையால் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நாறுது."

"நாறட்டும். இந்த நாத்தம்தான் உன்னைப் படிக்க வச்சது."

"ஏண்டி, பாலம் கட்டப் படிச்சா மொத வேலையா இங்கேருந்து அங்க ஒண்ணு போடு," என்றாள் தொக்சுன். "கிம்ச்சியைத் தலையில வச்சு நாங்களே நடந்து வந்துடறோம்."

இந்தக் கூத்துக்கு நடுவில் பே முதலாளி உள்ளே வந்தார். ஏலத்தில் நல்ல விலை போயிருந்தது போல, காதுவரை தொப்பியை இழுத்துவிட்டிருந்தாலும் முகத்தில் கடுப்பு இல்லை. நேராகத் தராசுக்குப் போனார், பேனாவை எடுத்தார், பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஜெர்மனி இன்னிக்கு லீவா? சதை பூஜ்யம்னு போட்டிருக்கு."

"அவ ஓட்டை மட்டும்தான் தூக்குவாளாம் மொதலாளி, கூலி குடுக்காதீங்க."

"இந்த ஜப்பான்காரி பரவால்லையே." அவர் அழிக்கப் போவது போல துணியை எடுத்தார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். துணியைப் போட்டுவிட்டு, அன்றைய எடையை அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டார். போகும்போது பானையில் மிச்சமிருந்த கறியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எப்ப அனுப்பறே?" என்று மால்சுக்கைக் கேட்டார்.

"ஏப்ரல்ல தொடங்குதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சேர்க்கைப் பணம் கட்டணும். அது ஒரு தரம்தான்."

"ஒரு தரமா, அரை வருசத்துக்கு ஒரு தரமா?" என்றாள் போங்னே அக்கா.

மறுபடியும் சிரிப்பு. ஹான்சோல் இரண்டு கையையும் தூக்கி, "ஒரே ஒரு தரம், வாழ்க்கையில ஒரே தரம்," என்று சத்தியம் செய்தாள்.

மால்சுக் புருஷனுக்கு போன் போட்டாள். சாங்குன் குடா நடுவே படகில், சிப்பிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஜப்பான் அம்பதுதானாம்."

"அதான் அன்னிக்கே சொன்னாளே."

"வருசத்துக்கு."

"என்னது?"

"வருசத்துக்கே அம்பதுதானாம். நாமதான் ரெண்டால பெருக்கிட்டோம்."

அந்தப் பக்கம் இயந்திரம் மட்டும் ஓடியது. "நாம இல்ல, நீ," என்றான் சாங்குன், ரொம்ப நிதானமாக. போன் நின்றுபோனது. மால்சுக் திட்டுவதற்கு வாயைத் திறக்கும்போது வெளியே படகின் ஊதல் கேட்டது. நீளமாக ஒரு தடவை. பிறகு இன்னும் நீளமாக. அக்கரை நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. திரும்பிப் படுத்துக்கொள்கிற மனுஷன் அவ்வளவு நேரம் ஊதி அவள் கேட்டதில்லை.

மத்தியானத்துக்கு மேல் தொட்டி மறுபடி கொட்டியது. நாட்டுக்குக் கிம்ச்சி போட்டாக வேண்டும். ஹான்சோல் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பத்துச் சிப்பியில் நாலைக் கிழித்தாள்.

"கிழிஞ்ச சதைக்குப் பாதி விலைடி. மெதுவா," என்றாள் போங்னே அக்கா.

"பாதின்னா அரை வருசத்துக்கா, பாட்டி?"

"பாத்தியா, இப்பவே வாய் வெளிநாட்டுக்குப் போயிடுச்சு."

மால்சுக்கின் கத்திக்குக் காலையில் இல்லாத வேகம் வந்திருந்தது. குத்து, திருகு, கீறு. ஓடு தரையில் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் மகளின் முழங்கை அவ்வப்போது இடித்தது. இடிக்கட்டும் என்று இடத்தை விட்டுக் கொடுக்காமல் நின்றாள்.

அப்போது அவள் மேலங்கிக்கு அடியில் பாட்டு கேட்டது. துள்ளலான பழைய ஊர்ப்பாட்டு. மூன்றரை மணி. சியோலுக்காக வைத்த மணி.

இரண்டு கையிலும் வழவழப்பு. ரப்பருக்கு உள்ளே, கம்பளிக்கு உள்ளே, சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தட்டுமாம்மா?" என்று ஹான்சோல் கையைத் துடைத்தாள்.

"விடு. பாட்டு முடியட்டும்."

முதலில் தொக்சுன்தான் தோளை ஆட்டினாள். பிறகு கடைசியில் நின்றவள். கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் ஓட்டுத் துண்டுகளை நொறுக்க, மேசையைச் சுற்றி பன்னிரண்டு பெண்களும் தாளத்துக்கு ஆடினார்கள். போங்னே அக்காகூட இடுப்பை ஒரு பக்கமாக அசைத்தாள், அவளுக்கு அந்த ஒரு பக்கம்தான் அசையும். பாட்டு நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி நின்றது. மணி நான்கை நெருங்கியது. பேங்க்கின் இரும்புக் கதவு மெதுவாக இறங்கத் தொடங்கியிருக்கும். இந்த இடத்திலிருந்து யாரும் ஓடவில்லை.

மால்சுக் மூச்சு வாங்கியபடி அடுத்த சிப்பியை எடுத்தாள்.

"நாளைக்கு மணி எத்தனைக்கு வைக்கட்டும்மா?" என்றாள் ஹான்சோல்.

"எட்டரைக்கு வை. பேங்க்காரன் கதவைத் தூக்கும்போதே நான் நிக்கணும்."